இரண்டு ரிலே, மூன்று ஃப்ளோட்: மொட்டைமாடி டேங்க் மோட்டாரைத் தானாக ஓடவிட முழுமையான வழிகாட்டி

சம்பிலிருந்து மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார், டேங்க் காலியானதும் தானாக ஓட வேண்டும், நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும், சம்பில் தண்ணீர் இல்லையென்றால் ஓடவே கூடாது. ரெடிமேட் கன்ட்ரோலர் வாங்கியும் மாட்டலாம். ஆனால் ரிலே வைத்து நீங்களே கட்டினால் பழுது எங்கே என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம், ரிலே எப்படி வேலை செய்கிறது என்பதும் கையோடு புரிந்துவிடும்.

இது அரை எச்.பி. முதல் ஒரு எச்.பி. வரையுள்ள சிங்கிள் ஃபேஸ் மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒரே உடலாகச் சேர்ந்த) மோட்டாருக்கு மட்டும். ஸ்விட்சைப் போட்டதுமே கிளம்பும் மோட்டாராக இருக்க வேண்டும். பச்சைப் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால்தான் கிளம்பும் போர்வெல் பேனல் என்றால், அதில் ஸ்டார்ட் கெப்பாசிட்டர் தனியாக இருக்கும். இந்த வயரிங் அதற்கு ஒத்துவராது. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கும் இது வேண்டாம்.

1. தாளில் இரண்டு சுற்றுகளைத் தனித்தனியாக வரையுங்கள்

ரிலேக்குள் இருப்பது ஒரு காயில் (கம்பிச் சுருள்), அதன் நடுவில் இரும்பு, அதன் எதிரே ஸ்பிரிங்கால் பின்னுக்கு இழுக்கப்பட்ட ஒரு தகடு. காயிலில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு காந்தமாகித் தகடை இழுக்கும். தகடோடு சேர்ந்து, இன்னொரு சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்ட்டும் நகரும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது: காயிலுக்கும் கான்டாக்ட்டுக்கும் இடையே மின் இணைப்பே கிடையாது. காயிலில் 12 வோல்ட் ஓடட்டும், கான்டாக்ட்டில் 230 வோல்ட் ஓடட்டும். ஒன்று மற்றொன்றைத் தொடாது. நாம் ரிலே வைப்பதே இதற்காகத்தான். நீர்மட்டத்தோடு ஏறி இறங்கி ஆன், ஆஃப் ஆகும் ஃப்ளோட் ஸ்விட்ச் தண்ணீருக்குள் இறங்குவது, அதில் 230 வோல்ட் போகக் கூடாது. அங்கே 12 வோல்ட் மட்டும் போகட்டும், ரிலே அதன் கட்டளையை வாங்கி 230 வோல்ட் பக்கம் சொல்லட்டும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். எல்லா ஒயரையும் ஒரே படத்தில் போட்டு, ஒரே சமயத்தில் இணைத்து, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பார்கள். தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் 12 வோல்ட், வலப்பக்கம் 230 வோல்ட். கோட்டைத் தாண்டி எந்த ஒயரும் போகக் கூடாது. கோட்டின் மேல் உட்கார்ந்திருப்பது ரிலே மட்டும்.

12 வோல்ட் பக்கம் முழுதாக வேலை செய்த பிறகே 230 பக்கத்தில் கை வைக்க வேண்டும். அடுத்து வரும் படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன.

2. வாங்க வேண்டியவை

12 வோல்ட் டிசி, 1 ஆம்பியர் அடாப்டர் ஒன்று. நல்ல பிராண்டாக வாங்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கெப்பாசிட்டரை வைத்து வோல்டேஜைக் குறைக்கும் மலிவான போர்டுகள் கிடைக்கும். அவற்றை இங்கே பயன்படுத்தவே கூடாது. அவை காட்டுவது 12 வோல்ட்டாக இருந்தாலும் மெயின்ஸோடு நேரடித் தொடர்பில் இருக்கும். அந்த ஒயர்தான் தண்ணீருக்குள் போகப்போகிறது.

12 வோல்ட் டிசி காயில் கொண்ட, 8 கால் உள்ள கியூப் ரிலே இரண்டு, அவற்றுக்கான சாக்கெட் இரண்டு. இரண்டும் ஒரே மாடலாக இருக்கட்டும். அப்போதுதான் சந்தேகம் வந்தால் ஒன்றைக் கழற்றி மற்றொன்றின் இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

கேபிள் ஃப்ளோட் ஸ்விட்ச் மூன்று: சம்புக்கு ஒன்று, டேங்கின் மேல்மட்டத்துக்கு ஒன்று, கீழ்மட்டத்துக்கு ஒன்று. காந்தத்தால் வேலை செய்யும் சின்ன ரீட் ஃப்ளோட்டும் போதும். அது தாங்குவது பெரும்பாலும் 10 வாட் வரைதான், நம் இரண்டு காயிலும் சேர்ந்து இழுப்பது 2 வாட்டுக்குள்.

230 வோல்ட் பக்கத்துக்கு: 230 வோல்ட் காயில் உள்ள 9 அல்லது 12 ஆம்பியர் கான்டாக்டர், அதனோடு பொருந்தும் ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மீறிக் கரன்ட் இழுத்தால் நிறுத்துவது), எம்சிபி (ஷார்ட் ஆனால் லைனைத் துண்டிப்பது), 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), ஆட்டோ-ஆஃப்-மேனுவல் என்று மூன்று நிலை உள்ள ஸ்விட்ச், கன்ட்ரோல் லைனுக்கு 2 ஆம்பியர் ஃபியூஸ்.

“ரிலேயில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறதே, மோட்டார் 6 ஆம்பியர்தானே இழுக்கும், எதற்குத் தனியாகக் கான்டாக்டர்?” என்று எல்லோரும் கேட்பார்கள். அந்த 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரன்ட்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அந்தப் பொறியில் ரிலேயின் கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு ஃப்ளோட் என்ன சொன்னாலும் மோட்டார் நிற்காது, மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கான்டாக்டரும் ரிலே போன்றதே, ஆனால் மோட்டாரின் கிளம்பும் கரன்ட்டைத் தாங்கும்படி செய்தது. வாங்கும்போது ஏ.சி.-3 என்ற வரிசையில் உள்ள ஆம்பியரைப் பாருங்கள். அதுதான் மோட்டாருக்கான அளவு. ஏ.சி.-1 வரிசையில் உள்ள பெரிய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சின்னப் பொருட்கள்: 1என்4007 டையோடு, நான்கு கோர் கேபிள், ஒயர் முனையில் மாட்டும் ஃபெரூல், டெர்மினல் பிளாக், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். டெஸ்டர் மட்டும் போதாது.

3. ரிலேயின் கால்களைக் கண்டுபிடியுங்கள்

8 கால் கியூப் ரிலேயில் எண்கள் வழக்கமாக இப்படி இருக்கும். 13, 14 காயில். 9 முதல் கான்டாக்ட்டின் காமன், அதன் என்சி 1, என்ஓ 5. 12 இரண்டாவது கான்டாக்ட்டின் காமன், அதன் என்சி 4, என்ஓ 8. என்சி என்றால் காயிலில் மின்சாரம் இல்லாதபோது காமனோடு சேர்ந்திருப்பது. என்ஓ என்றால் மின்சாரம் வந்ததும் சேர்வது.

ரிலேயின் மேல் அச்சிட்ட படத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் ரிலேயைக் கவிழ்த்து, கால் பக்கமிருந்து பார்த்தபடி வரைந்திருக்கும். நேராக வைத்துப் பார்த்தால் இடம் வலமாக மாறிவிடும். போதாக்குறைக்குச் சில சாக்கெட்டுகளில் 1 முதல் 8 வரை இன்னொரு எண் வரிசையும் இருக்கும். அதனால் ரிலேயைச் சாக்கெட்டில் செருகி, சாக்கெட்டின் ஸ்க்ரூவில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

13க்கும் 14க்கும் இடையே இந்த அளவு ரிலேயில் சுமார் 160 ஓம் காட்டும். 12 வோல்ட்டில் அது சுமார் 75 மில்லிஆம்பியர். ஓபன் என்று காட்டினால் காயில் போய்விட்டது, அல்லது தவறான ஸ்க்ரூவைத் தொட்டிருக்கிறீர்கள். 9க்கும் 1க்கும் இடையே பீப் கேட்க வேண்டும், 9க்கும் 5க்கும் இடையே கேட்கக் கூடாது.

இப்போது அடாப்டரின் பிளஸை 14இலும் மைனஸை 13இலும் கொடுங்கள். டக் என்று சத்தம் வரும், பீப் 1இலிருந்து 5க்கு மாறும். ரிலேக்குள் எல்இடியோ டையோடோ இருந்தால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. ஆகவே எப்போதும் 14 பிளஸ் என்று பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டு ரிலேயையும் இப்படிச் சோதித்த பிறகு பெயர் எழுதி ஒட்டுங்கள். ரிலே-1 பிடித்துவைக்க, ரிலே-2 கட்டளை கொடுக்க.

4. ஃப்ளோட் இல்லாமல் மேஜை மேல் கட்டிப் பாருங்கள்

ஃப்ளோட்டுக்குப் பதில் மூன்று சாதாரண ஸ்விட்சுகளை வையுங்கள். மாடிக்கும் சம்புக்கும் ஏறி இறங்கிப் பிழை தேடுவதைவிட மேஜை மேலேயே தேடுவது எளிது.

ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு எண் கொடுத்துவிடலாம்.

ஒயர் 1: அடாப்டர் பிளஸிலிருந்து சம்ப் ஸ்விட்சுக்கு.
ஒயர் 2: சம்ப் ஸ்விட்சிலிருந்து மேல்மட்ட ஸ்விட்சுக்கு.
ஒயர் 3: மேல்மட்ட ஸ்விட்சின் மறுமுனை, கீழ்மட்ட ஸ்விட்சின் ஒரு முனை, ரிலே-1இன் 9. மூன்றும் ஒரே புள்ளி.
ஒயர் 4: கீழ்மட்ட ஸ்விட்சின் மறுமுனை, ரிலே-1இன் 5, இரண்டு ரிலேயின் 14. இதுவும் ஒரே புள்ளி.
ஒயர் 0: இரண்டு ரிலேயின் 13, அடாப்டர் மைனஸ்.

சம்ப் ஸ்விட்ச் தண்ணீர் இருக்கும்போது மூடியிருக்கும். மேல்மட்ட ஸ்விட்ச் டேங்க் நிறையாத வரை மூடியிருக்கும், நிறைந்ததும் திறக்கும். கீழ்மட்ட ஸ்விட்ச் தண்ணீர் அடிக்குப் போனால் மட்டும் மூடும்.

சம்ப், மேல்மட்டம் இரண்டையும் ஆன் செய்யுங்கள். எதுவும் நடக்காது. கீழ்மட்டத்தையும் ஆன் செய்தால் இரண்டு ரிலேயும் இழுக்கும். இப்போது கீழ்மட்டத்தை ஆஃப் செய்யுங்கள். ரிலே விடக் கூடாது. தண்ணீர் கீழ்மட்டத்தைத் தாண்டி ஏறினாலும் மோட்டார் தொடர்ந்து ஓட வேண்டுமல்லவா? ரிலே-1 தன் கான்டாக்ட் வழியாகத் தன் காயிலுக்கே மின்சாரம் கொடுத்துக்கொண்டு பிடித்திருக்கிறது. மேல்மட்டத்தை ஆஃப் செய்தால் இரண்டும் விடும். மறுபடி மேல்மட்டத்தை ஆன் செய்தாலும், கீழ்மட்டம் ஆன் ஆகும்வரை கிளம்பக் கூடாது.

இந்தப் பிடிப்பு இல்லாமல் ஒரே ஃப்ளோட்டை வைத்து ஓட்டினால், நீர்மட்டம் கொஞ்சம் ஆடினாலே மோட்டார் நின்று நின்று கிளம்பும்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 5க்குப் பதில் 1இல் இணைத்து, பிடித்துவைக்க வேண்டிய கான்டாக்ட்டே காயிலை அணைத்துவிடுவது. ரிலே விடாமல் கடகடவென்று அடித்துக்கொண்டிருக்கும். மற்றொன்று, ரிலே-1இன் 9ஐ ஒயர் 3இல் கொடுக்காமல் ஒயர் 1இல் கொடுப்பது. அப்போது ஒருமுறை இழுத்த ரிலே எந்த ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் விடாது, ஏனென்றால் நிறுத்தும் ஸ்விட்சுகள் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு குறுக்குவழி போட்டுவிட்டீர்கள்.

நிறுத்தும் ஸ்விட்ச் இரண்டும் ஏன் வழக்கமாக மூடியிருந்து, நிறுத்த வேண்டியபோது திறக்கும்படி வைத்திருக்கிறோம்? மொட்டைமாடியில் அணில் ஒயரைக் கடித்துவிட்டது என்று வையுங்கள். ஒயர் அறுந்தால் சுற்று திறந்துவிடும், மோட்டார் நிற்கும். நேர்மாறாக, நிறைந்ததும் மூடும்படி அமைத்திருந்தால், ஒயர் அறுந்தது யாருக்கும் தெரியாது, டேங்க் வழியும். மின்சாரம் வந்தால்தான் அனுமதி, வராவிட்டால் நிறுத்தம். ரயில்வே சிக்னல் ரிலேக்களும் இந்த முறையில்தான் இயங்குகின்றன; ஒயர் அறுந்தால் சிவப்புதான் விழும். அந்த ரிலேக்களில் ஒரு பக்கம் உலோகம், மறுபக்கம் கரி என்று கான்டாக்ட் வைப்பதும், உருகி ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே.

5. டையோடைப் போடுங்கள்

மின்சாரம் நிற்கும் நொடியில் காயிலின் காந்தம் சரிந்து, தலைகீழாக ஒரு வோல்டேஜ் உதையைக் கொடுக்கும். 12 வோல்ட் காயிலிலும் அது நூறு வோல்ட்டைத் தாண்டும். ஃப்ளோட்டின் மெல்லிய கான்டாக்ட் அதில் பொறிந்து பொறிந்து கெடும்.

ஒயர் 4க்கும் ஒயர் 0க்கும் இடையே டையோடை வையுங்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை ஒயர் 4 பக்கம், அதாவது பிளஸ் பக்கம். திருப்பிப் போட்டால் ரிலே இழுக்க வேண்டிய நேரத்தில் அடாப்டர் ஷார்ட் ஆகும். நல்ல அடாப்டர் அணைந்துவிடும், மோசமானது புகையும். ஆகவே டையோடு போட்டதும் நான்காம் படியின் சோதனையை இன்னொரு முறை முழுதாகச் செய்யுங்கள்.

6. ஃப்ளோட்களைப் பொருத்துங்கள்

கேபிள் ஃப்ளோட்டில் பெரும்பாலும் மூன்று ஒயர் வரும்: ஒரு காமன், தொங்கும்போது சேர்வது ஒன்று, மிதக்கும்போது சேர்வது ஒன்று. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃப்ளோட்டைக் கையில் தொங்கவிட்டும் தலைகீழாகத் தூக்கியும் மல்டிமீட்டரில் பார்த்து நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் தொங்கும்போது சேரும் ஜோடி. சம்புக்கு மிதக்கும்போது சேரும் ஜோடி. பயன்படாத மூன்றாவது ஒயரை டேப் சுற்றி மூடிவிடுங்கள்.

மேல்மட்ட ஃப்ளோட் வழிந்தோடும் குழாய்க்கு ஒரு சாண் கீழே நிறுத்தும்படி இருக்கட்டும். தண்ணீர் விழும் குழாய்க்கு அருகில் எதையும் தொங்கவிடாதீர்கள், அலையில் ஆடும். கேபிள் ஒன்றோடொன்று சுற்றிக்கொள்ளாதபடி இரண்டு ஃப்ளோட்டையும் எதிரெதிர்ச் சுவரில் கட்டுங்கள்.

சம்ப் ஃப்ளோட் நிறுத்தும் மட்டம், உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். அதன் கேபிளில் எடை கட்டும் இடத்துக்கும் ஃப்ளோட்டுக்கும் இடையே கொஞ்சம் அதிக நீளம் விடுங்கள். டேங்கும் காலி, சம்பில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வருகிறது என்ற நிலையில், நீளம் குறைவாக இருந்தால் ஒவ்வொரு குடம் தண்ணீர் சேர்ந்ததும் மோட்டார் கிளம்பி நிற்கும். நீளம் கூடினால் நின்ற மட்டத்துக்கும் மறுபடி கிளம்பும் மட்டத்துக்கும் இடைவெளி கூடும்.

மாடிக்குப் போகும் நான்கு கோரில் மூன்று போதும்: ஒயர் 2, 3, 4. நான்காவது கோர் உபரியாக இருக்கட்டும். 230 வோல்ட் போகும் பைப்பில் இதை நுழைக்காதீர்கள், தனி பைப் போடுங்கள். டேங்குக்குள் ஜாயின்ட் எதுவும் கூடாது. ஜாயின்ட்டை வெளியே, மழை படாத டப்பாவுக்குள் வையுங்கள்.

7. 230 வோல்ட் பக்கம்

மெயின்ஸ் வேலை பழக்கமில்லாதவர்கள் இதுவரை வந்ததோடு நிறுத்தி, இந்தப் படியை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். படத்தை அவர் கையில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை.

முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். யாரும் போட்டுவிடாதபடி போர்டைப் பூட்டுங்கள் அல்லது சீட்டு ஒட்டுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த் இரண்டும் பூஜ்யமா என்று பாருங்கள்.

பவர் லைன்: எம்சிபி, ஆர்சிசிபி தாண்டி வரும் ஃபேஸ், கான்டாக்டரின் முதல் கம்பத்தில் (ஒரு ஜோடி முனை) நுழைந்து, ஓவர்லோடின் முதல் முனையில் வெளியே வரும். அதை மறுபடி கான்டாக்டரின் இரண்டாம் கம்பத்துக்குக் கொண்டுபோய், ஓவர்லோடின் இரண்டாம் முனையிலிருந்து மோட்டாருக்கு எடுங்கள். நியூட்ரல் மூன்றாம் கம்பம் வழியாக மோட்டாருக்கு. இப்படிச் சுற்றவைப்பது வீண் வேலை போலத் தெரியும். ஓவர்லோடுக்குள் மூன்று ஹீட்டர் இருக்கின்றன. ஒன்றில் மட்டும் கரன்ட் போய் மற்றது காலியாக இருந்தால், ஃபேஸ் போய்விட்டது என்று நினைத்து அது காரணமில்லாமல் டிரிப் ஆகும். எர்த் ஒயர் எதன் வழியாகவும் போகாமல் நேராக மோட்டார் பாடிக்கு.

ஓவர்லோடின் டயலை மோட்டார் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரில் வையுங்கள். டிரிப் ஆகிறதே என்று டயலை ஏற்றிக்கொண்டே போனால் ஓவர்லோட் இருந்தும் இல்லாததுபோல்தான்.

கன்ட்ரோல் லைன்: ஃபேஸிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ஓவர்லோடின் 95-96 (ஓவர்லோட் டிரிப் ஆனால் திறக்கும் கான்டாக்ட்), அங்கிருந்து மூன்று நிலை ஸ்விட்சின் காமன். ஸ்விட்சின் ஆட்டோ முனையிலிருந்து ரிலே-2இன் 9. ரிலே-2இன் 5இலிருந்து கான்டாக்டரின் ஏ1 (அதன் காயிலின் ஒரு முனை; மறுமுனை ஏ2). மேனுவல் முனையிலிருந்து நேராக ஏ1. ஏ2இலிருந்து நியூட்ரல்.

சின்னக் கான்டாக்டரின் காயில் இழுக்கும் நொடியில் சுமார் 70 விஏ (வோல்ட்-ஆம்பியர்), பிடித்த பிறகு 7 விஏ அளவுதான் எடுக்கும். ரிலே-2க்கு இது தூசு.

ரிலே-1இல் இன்னொரு கான்டாக்ட் சும்மா இருக்கிறதே, அதையே 230க்குப் பயன்படுத்தி ஒரு ரிலே காசை மிச்சம் பிடிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே ரிலேக்குள் பக்கத்துப் பக்கத்துக் கான்டாக்ட்டில் ஒன்றில் தண்ணீருக்குள் போகும் 12 வோல்ட்டும், மற்றதில் மெயின்ஸும் இருந்தால், உள்ளே ஒரு ஸ்பிரிங் முறிந்து குறுக்கே விழுந்தாலே போதும். ரிலே-2இன் கான்டாக்ட் பக்கம் முழுக்க 230 மட்டும், ரிலே-1 முழுக்க 12 மட்டும்.

8. முதல் ஓட்டம்

மோட்டார் ஒயரைக் கான்டாக்டர் பக்கம் கழற்றிவைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். ஸ்விட்சை மேனுவலில் வைத்தால் கான்டாக்டர் இழுக்க வேண்டும். ஓவர்லோடின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விட வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

அப்புறம் ஆட்டோவில் வைத்து, ஒருவர் மாடியில் நின்று கீழ்மட்ட ஃப்ளோட்டைக் கையால் தொங்கவிட, கீழே ரிலேயும் கான்டாக்டரும் ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பதைப் பாருங்கள். மேல்மட்ட ஃப்ளோட்டைத் தூக்கினால் விட வேண்டும். பிறகு ஒயர் 2ஐ வேண்டுமென்றே கழற்றிப் பாருங்கள். அப்போதும் விட வேண்டும். இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்வது இதுதான்.

எல்லாம் சரி என்றால் மெயினை ஆஃப் செய்து மோட்டாரை இணைத்து, முதல் முறை டேங்க் நிறையும்வரை பக்கத்திலேயே இருங்கள். மேனுவலில் ஓட்டும்போது ஃப்ளோட் எதுவும் காவல் இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். கரன்ட் போய் வந்தால் மோட்டார் தானாகத் தொடராது, தண்ணீர் கீழ்மட்டத்துக்கு இறங்கும்போதுதான் கிளம்பும், அது பழுதல்ல.

9. பழுது வந்தால் தேடும் வரிசை

ரிலே-2 இழுத்திருக்கிறதா? இதுதான் முதல் கேள்வி. இழுத்திருந்தும் மோட்டார் ஓடவில்லை என்றால் பழுது 230 பக்கம்: ஃபியூஸ், ஓவர்லோட் டிரிப், கான்டாக்டர் காயில் என்று பாருங்கள். இழுக்கவில்லை என்றால் 12 வோல்ட் பக்கம். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஒயர் 0இல் வைத்து, சிவப்பை 1, 2, 3, 4 என்று வரிசையாக வையுங்கள். 12 வோல்ட் எந்த எண்ணில் காணாமல் போகிறதோ அதற்கு முந்தைய ஃப்ளோட்தான் திறந்திருக்கிறது.

கான்டாக்டர் உர்ரென்று இரைந்தால் வோல்டேஜ் குறைவு, அல்லது இரும்பு முகத்தில் தூசி. இவை 230இன் 85 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 195 வோல்ட்டுக்குக் கீழே ஒழுங்காக இழுக்கும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட் ரிலேக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு, பொதுவாக 80 சதவீதம். மாடி ஜாயின்ட் பச்சை பிடித்துப்போனால் காயிலுக்கு 9 வோல்ட் மட்டும் வந்து, ரிலே இழுத்தும் இழுக்காமலும் தவிக்கும்.

ஆஃப் செய்தும் மோட்டார் நிற்கவில்லை என்றால் கான்டாக்டர் ஒட்டிவிட்டது. எம்சிபியை இறக்குங்கள். உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடாதீர்கள், மாற்றுங்கள்.

10. இதே ரிலேயை வேறெங்கே பார்க்கலாம்

கார் ஹார்னில் இதே கதைதான்: ஸ்டீயரிங்கில் உள்ள சின்ன பட்டன் காயிலுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும், ஹார்னின் பெரிய கரன்ட் ரிலே வழியாகப் போகும். அங்கே கால் எண்கள் வேறு: 85, 86 காயில், 30 பேட்டரியிலிருந்து, 87 என்ஓ, 87ஏ என்சி. ஸ்டெபிலைசர் டக் டக் என்று அடிப்பது டிரான்ஸ்ஃபார்மரின் வெவ்வேறு முனைக்கு ரிலே மாறுவதால். கரன்ட் போனதும் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு டக் சத்தத்தோடு பேட்டரிக்கு மாறுவதும் ரிலேயால்தான். அங்கே என்சி, என்ஓ இரண்டுக்கும் வேலை உண்டு.

இதையெல்லாம் கட்டிப் பழகியவர்கள் அடுத்து சோலார் பேனல் பக்கம் போவார்கள். அங்கே ஒரு எச்சரிக்கை. ஏசி மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் கான்டாக்ட் திறக்கும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். டிசியில் பூஜ்யமே வராது, பொறி நீண்டு எரியும். அதனால்தான் ரிலே மேல் 250 வோல்ட் ஏசிக்கு 10 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் டிசிக்கு 30 வோல்ட்டோடு நிறுத்தியிருப்பார்கள். பேனல் தரும் வோல்டேஜ் அதைத் தாண்டினால், அந்த டிசி வோல்டேஜ் அச்சிட்ட ரிலேயையோ கான்டாக்டரையோ கேட்டு வாங்குங்கள்.